பாண்டிசெல்வி பூக்கட்டிப் பார்த்தது

தவசிமுத்துவுக்கு உடம்பில் ஏதோ கோளாறு என்று அவர் மனைவி பாண்டிசெல்வி கண்டுபிடித்தது, அவர் மூன்று நாளாகச் சண்டை போடவில்லை என்பதை வைத்துத்தான்.

முதல் நாள் குழம்பில் உப்பு தூக்கல். மனிதர் அப்படியே சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். ஏதோ யோசனையில் இருக்கிறார் போலும் என்று விட்டுவிட்டாள். மறுநாள் அவருடைய ஸ்பானர் பெட்டியைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொன்னாள். அந்தப் பெட்டியை ஓரடி நகர்த்தினாலே அவர்கள் குடியிருக்கும் மடவார் வளாகத்துத் தெருமுனை வரைக்கும் அவர் சத்தம் கேட்கும். "சரி" என்றார். மூன்றாம் நாள் காலையில் வேண்டுமென்றே கேட்டாள்.

"சுந்தரபாண்டியத்துலேருந்து ஒங்க தம்பிய இங்கனயே வந்து இருக்கச் சொல்லிரட்டுமா?"

"சரி."

பாண்டிசெல்வி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை.

முப்பத்தோரு வருடம் ராஜபாளையத்து நூல்மில்லில் ஃபிட்டராக இருந்தவர் தவசிமுத்து. மெஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி, ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆன பிறகும், தண்ணீர் கேட்டால்கூட எதிர்வீட்டில் செம்பை எடுப்பார்கள். எதையும் ஒரு தடவையில் ஒப்புக்கொண்டவர் இல்லை. கரண்ட் ஆபீஸ், ரேஷன் கடை, பஸ் கண்டக்டர், பஞ்சாங்கம், அவள் வைக்கும் ரசம் எல்லாவற்றோடும் வழக்கு உண்டு. அவளும் சளைத்தவள் இல்லை. இருபத்திரண்டு வருடமாக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு பஸ் ஏறிப்போய், ஒரு பேண்டேஜ் கம்பெனியில் செக்கிங் மேசையில் நிற்கிறாள். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசைமேல், காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணி ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு இழை அறுந்திருந்தாலும், ஊசிமுனை அளவு கறை இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அப்படிப்பட்ட கண்ணுக்கு முன்னால் கட்டிய புருஷன் மூன்று நாளாக இழை அறுந்து ஓடிக்கொண்டிருந்தார்.

சொன்னால் யாரும் நம்பவில்லை.

"வயசாச்சுல்ல, அடங்கிட்டாரு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"மதினி, நீங்க குடுத்து வச்சவுக" என்றார் கொழுந்தனார் ஐயாதுரை, சுந்தரபாண்டியத்திலிருந்து போனில்.

சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் மகன் விக்னேஷ்வரன் எல்லாருக்கும் மேலே போனான். "அப்பா மெச்சூர் ஆயிட்டாரும்மா. விடுங்க."

"அறுபத்து மூணு வயசுல என்னடா மெச்சூரு" என்று போனை வைத்துவிட்டாள்.

நாலாம் நாள் கோயில் பக்கம் போனவர், வலதுகால் செருப்பு நழுவிப் போனது தெரியாமல் ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தார். கீழே பார்க்கவும் இல்லை. அவ்வளவுதான். கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, அவரை பஸ்ஸில் ஏற்றினாள். டிக்கெட் எடுக்கும்போது கண்டக்டர், வழக்கமான சண்டைக்காரர் ஆயிற்றே என்று முன்ஜாக்கிரதையாகச் சில்லறையை எண்ணி வைத்திருந்தான். தவசிமுத்து ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ராஜபாளையத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் பார்த்தது ஒரு சின்னப் பையன் டாக்டர். "என்னம்மா தொந்தரவு?" என்றான்.

"எதுக்கெடுத்தாலும் சரிங்காரு."

பையன் டாக்டர் சிரித்துவிட்டான். பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்த பெரிய டாக்டர் சேதுபதி சிரிக்கவில்லை. எழுந்து வந்து, தவசிமுத்துவை இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னார். வலதுகை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது.

"தலையில அடி பட்டுச்சா, சமீபத்துல?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவளுக்கு ஞாபகம் வந்தது. ஒன்றரை மாதம் முன்னால் டீக்கடையில் பாதி இறக்கியிருந்த ஷட்டரில் இடித்துக்கொண்டார். ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை. ஷட்டரை ஏன் பாதியில் விட்டாய் என்று கடைக்காரனோடு இருபது நிமிடம் சண்டை போட்டுவிட்டு, ஜெயித்த முகத்தோடு வீட்டுக்கு வந்தார்.

ஸ்கேன் எடுத்தார்கள். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் இடது பக்கம் பிறை மாதிரி ஒரு நிழல். நெஞ்சுவலிக்காக அவர் சாப்பிட்டு வந்த, ரத்தத்தை இளக்கும் மாத்திரையும் சேர்ந்துகொண்டு, அன்றைக்குக் கசிய ஆரம்பித்த ரத்தம் ஒன்றரை மாதமாகச் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து மூளையை அமுக்கிக்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர். மாத்திரையை நிறுத்தி ஓரிரு நாள் கழித்து, மண்டை ஓட்டில் இரண்டு சின்னத் துளை போட்டுக் கழுவி விடவேண்டும். அதற்குப் பிறகு மிச்சம் மீதி வடிவதற்கு ஒரு குழாய் வைக்கவேண்டும்.

"அந்தக் குழாயிலதாம்மா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார்.

குழாயை இரண்டு விதமாக வைக்கலாம். மூளையைச் சுற்றியிருக்கும் தடித்த சவ்வுக்கு உள்ளே, ரத்தம் தேங்கிய இடத்திலேயே வைப்பது ஒன்று. எலும்புக்கு வெளியே, தலைத்தோலுக்கு அடியில் வைப்பது இன்னொன்று. உள்ளே வைத்தால் நேரடியாக வடியும். ஆனால் குழாய் மூளையை உரசிவிடுமோ என்று ஒரு பயம். வெளியே வைத்தால் அந்தப் பயம் குறைவு. ஆனால் துளை வழியாக மேலே வந்துதான் வடியவேண்டும். இரண்டையும் உலகம் பூராவும் செய்கிறார்கள். இதுவரை ஒப்பிட்டவர்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நம் பக்கத்து ஆஸ்பத்திரிகள் ஏழெட்டுச் சேர்ந்து, எதில் ரத்தம் திரும்பச் சேர்வது குறைவு என்று ஒப்பிட்டுப் பார்க்கிறோம். சம்மதித்தால், ஏற்கெனவே ஒட்டி வந்த ஓர் உறையை ஆபரேஷன் நேரத்தில் பிரிப்போம். அதற்குள் எது எழுதியிருக்கிறதோ அது.

பாண்டிசெல்வி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூக்கட்டிப் பாக்குறீயளா?"

டாக்டருக்குப் புரிந்தது, அவரும் தெற்கத்திக்காரர்தான். "அப்படியும் சொல்லலாம்" என்றார்.

பூக்கட்டுவதைப் பற்றி பாண்டிசெல்விக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. மனசு இரண்டுபட்டு நின்றால் அந்தப் பக்கத்துப் பெண்கள் கோயிலுக்குப் போவார்கள். ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. ஒரே அளவாகப் பொட்டலம் கட்டி, நாரால் முடிந்து, சந்நிதியில் போட்டு, அங்கே நிற்கும் குழந்தை எதையாவது விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் விட்டுவிடவேண்டும். கல்யாணமாகி வந்ததிலிருந்து பாண்டிசெல்வி பதினோரு தடவை வைத்தியநாத சாமி கோயிலில் பூக்கட்டியிருக்கிறாள். பேண்டேஜ் கம்பெனி வேலைக்குப் போகலாமா, வீட்டுக்கு மாடி எடுக்கலாமா, மகனை கம்ப்யூட்டர் படிக்க வைக்கலாமா. பதினோரு தடவையும் வெள்ளை.

பதினோரு தடவையும் தவசிமுத்து வாசலில் நின்று கத்தினார். "மில்லுல பேரிங் போச்சுன்னா பூவக் கட்டியா பாக்கோம்? கழட்டிப் பாப்போம்." கத்தி என்ன செய்ய? சாமி வெள்ளை கொடுத்த பிறகு அவர் ஸ்பானர் எடுத்துக்கொண்டு சாமியிடமா போகமுடியும்?

பாண்டிசெல்வி யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பதினோரு தடவையும் இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூதான் இருந்தது. சாமியை ஏமாற்றுகிறோம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. சாமியிடம் கேட்க அவளுக்கு எதுவும் இருந்ததில்லை. என்ன செய்யவேண்டும் என்று அவளுக்கு முன்னாலேயே தெரியும். இந்த மனிதரை ஒப்புக்கொள்ள வைப்பதற்குத்தான் வேறு வழி தெரியவில்லை.

ஆகவே அவள் டாக்டரிடம் கேட்கவேண்டியதைக் கேட்டாள்.

"அந்தக் கவரை ஒட்டுறது யாரு?"

"ஏம்மா?"

"எல்லாக் கவர்லயும் ஒண்ணையே எழுதி ஒட்டியிருந்தா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "எதுக்கு அப்படிப் பண்ணணும்?"

"மனசுல ஒண்ண முடிவு பண்ணிட்டு, ஊரு வாய அடைக்கணும்னா பண்ணுவாகள்ல."

டாக்டர் கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். பிறகு, "அதுக்குத்தாம்மா அதை இங்க ஒட்டுறதே இல்ல" என்றார். "வேற ஊர்ல, எங்க யாருக்கும் சம்பந்தமில்லாத ஒருத்தர் ஒட்டி அனுப்புறாரு. எனக்குப் பிடிச்சதை நானே வச்சுரக்கூடாதுல்ல."

"ஒங்களுக்கு எது பிடிக்கும்?"

"உண்மையைச் சொல்லவா? எது நல்லதுன்னு எனக்குத் தெரியல."

பாண்டிசெல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு பெரிய கட்டடம், வாசலில் கண்ணாடிக் கதவு, சுவர் முழுக்கப் படித்த பட்டம், கடைசியில் தெரியல. அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "இந்தாருங்க, கவர் பிரிச்சுப் பாத்து வைத்தியம் பண்ணுவாகளாம். நீங்க என்ன சொல்றீய?"

"சரி" என்றார் தவசிமுத்து.

"அவர் சரின்னா அது செல்லாதும்மா" என்றார் டாக்டர். "அதான் வியாதியே. கையெழுத்து நீங்கதான் போடணும். வேண்டாம்னாலும் ஆபரேஷன் நடக்கும், அதுல ஒரு குறையும் வராது. அப்ப நானா ஏதோ ஒண்ணை வைப்பேன்."

வராந்தாவுக்கு வந்து மகனுக்குப் போன் போட்டாள். அவன் அதற்குள் பதினேழு கட்டுரை படித்துவிட்டிருந்தான்.

"அம்மா, உள்ள வைக்கிறதுதான் ரொம்ப நாளா பண்றது. ஆனா வெளிய வைக்கிறது சேஃப்னு ஒரு குரூப் சொல்றாங்க. இன்னொரு பேப்பர்ல..."

"எது நல்லதுன்னு சொல்லுடா."

"மிக்ஸ்டா இருக்கும்மா."

"இதத்தான அந்த டாக்டரும் சொன்னாரு. அவரு ஒத்த வார்த்தையில சொன்னாரு."

அடுத்தது ஐயாதுரை. அவர் போனிலேயே குதித்தார். "எங்கண்ணன் தலைய வச்சு குலுக்கலா போடுறீய? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு மதினி பதில் சொல்றது?"

அதுதான் கேள்வி. யார் பதில் சொல்வது என்று அவளுக்குத் தெரியும். போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே பெஞ்சில் தவசிமுத்து சட்டைப் பொத்தானை ஒரு துளை மாற்றிப் போட்டுக்கொண்டு அமைதியாக இருந்தார். பதினோரு தடவையும் தெரிந்த விஷயத்துக்குப் பூக்கட்டியாயிற்று. தெரியாத விஷயம் வாழ்க்கையில் இப்போதுதான் முதல் தடவையாக வந்திருக்கிறது. தெரியாது என்று வாய்விட்டுச் சொல்கிற ஆளும் இவர் ஒருத்தர்தான். உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டாள்.  

உறையில் வந்தது எலும்புக்கு வெளியே.

அதே நாளில் ஆபரேஷன் ஆகிப் பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர் சாகுல் ஹமீது; ராஜபாளையத்தில் ரெடிமேட் துணிக்கடை வைத்திருப்பவர். பைக்கிலிருந்து விழுந்து அவருக்கும் இதே வியாதி. அவர் மனைவி அசீனாவும் அதே மாதிரித் தாளில் கையெழுத்துப் போட்டவள். அவர்களுக்கு உறையில் வந்தது உள்ளே.

இரண்டு பேர் தலையிலிருந்தும் ஒல்லியான குழாய் இறங்கி, கட்டில் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் பையில் முடிந்தது. பை படுக்கை மட்டத்தில்தான் இருக்கவேண்டும், ஏற்றவோ இறக்கவோ கூடாது, தலையணை கிடையாது, நாற்பத்தெட்டு மணி நேரம் மல்லாந்து படுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, ஆண் நர்ஸ் பெலிக்ஸ் காலையும் மாலையும் வந்து பையில் பேனாவால் கோடு போட்டு மணியை எழுதுவான்.

அந்தக் கோடுதான் வினை. மறுநாள் காலையில் சாகுல் ஹமீது பையில் நூற்றிருபது மில்லி. தவசிமுத்து பையில் முப்பத்தைந்து.

பார்க்க வந்தவர்கள் யாரும் அதற்குப் பிறகு நோயாளிகளின் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே குனிந்து பையைப் பார்த்தார்கள். பிறகு அடுத்த கட்டிலுக்குப் போய் அந்தப் பையைப் பார்த்தார்கள். பிறகு பாண்டிசெல்வியைப் பார்த்தார்கள்.

"அங்க எம்புட்டு வந்திருக்கு, இங்க இம்புட்டுத்தான் வந்திருக்கே."

"உள்ள வச்சாத்தான வடியும். வெளிய வச்சா வேர்வையா வரும்?"

"ஒங்களுக்குச் செவப்பு விழுந்துருச்சு பாண்டி."

கம்பெனியிலிருந்து வந்த கூட்டாளிகள் வேறு மாதிரி. தலைக்கட்டின் ஓரத்தை விரலால் தடவி, "இது நம்ம கம்பெனி காஸ் இல்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பாண்டிசெல்வி எல்லாருக்கும் ஒரே பதிலைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள். உள்ளே வைத்தால் அப்படித்தான் கூட வருமாம், வருகிற அளவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாதாம், பெலிக்ஸ் சொன்னான். சொல்லச் சொல்ல அவளுக்கே அதில் நம்பிக்கை தேய்ந்துகொண்டு வந்தது. ஏனென்றால் அடுத்த கட்டிலில் சாகுல் ஹமீது படுத்தபடியே, "ஏட்டி அசீனா, இது டீயா, சீனிய எங்க? அந்த நர்ஸ்கிட்ட கேளு, எனக்குத் தலையில ஓட்டையா நாக்குல ஓட்டையா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"வாய மூடிட்டுப் படுங்க" என்றாள் அசீனா. பிறகு இந்தப் பக்கம் திரும்பி, "முழிச்ச நேரத்துலேருந்து இதே ரோதனை அக்கா. அண்ணன் எம்புட்டுப் பொறுமையா இருக்காக" என்றாள்.

பாண்டிசெல்விக்கு அந்த டம்ளரைப் பிடுங்கி எறியலாம் போல் இருந்தது. அதே சீனியில்லாத டீயைத் தவசிமுத்து முழுதாகக் குடித்திருந்தார்.

இரண்டாம் நாள் காலையில் ஐயாதுரை வந்தார். அண்ணன் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, பாண்டிசெல்வி இட்லி வாங்கக் கீழே போனாள். கால்மணி நேரம் இருக்கும். திரும்பி வந்து பார்த்தால் தவசிமுத்து தலைக்கு அடியில் இரண்டு தலையணை. பை கொக்கியில் இல்லை, தரையில் கிடக்கிறது. அவர் முகம் வெளுத்து, நெற்றியைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தார்.

"என்ன பண்ணி வச்சிருக்கீய?"

"மேட்டுலேருந்து பள்ளத்துக்குத்தான மதினி பாயும்" என்றார் ஐயாதுரை, சுந்தரபாண்டியத்தில் மூன்று ஏக்கர் வயல் பார்க்கிற சம்சாரி. "பைய மேல வச்சிருந்தா எங்கிட்டு வடியும்? ட்யூப்புல தண்ணி எடுக்கோம், தெரியாதா. அண்ணன்கிட்ட கேட்டுட்டுத்தான் பண்ணேன். இப்படி வைக்கட்டுமாண்ணேன்னேன். சரின்னாரு."

"அவரு எதுக்குத்தான் சரிங்கல?"

பெலிக்ஸ் ஓடி வந்து குழாயை நிறுத்தி, தலையணைகளை உருவி, பையைக் கொக்கியில் மாட்டினான். ஒரேயடியாக வேகமாக இறங்கினால் உள்ளே புதிதாகக் கசிந்துவிடும், அப்புறம் மறுபடியும் திறக்க வேண்டியதுதான் என்றான். திட்டு முழுவதும் பாண்டிசெல்விக்கு. ஐயாதுரையை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அவர் விருந்தாளி.

"தம்பி" என்றாள் அவள் கொழுந்தனாரிடம், மெதுவாக. "இது ஒங்க வயலுக்கு மடை திறக்குற சோலி இல்ல. மத்தியானம் ஒங்க ஊருக்கு பஸ் இருக்கு. ஏறிருங்க."

தலைவலி சாயங்காலத்துக்குள் அடங்கியது. நாற்பத்தெட்டு மணி நேரம் முடிந்து குழாயை எடுத்தார்கள். பாதகமில்லை என்றார் டாக்டர். இரண்டு கட்டிலும் ஒரே நாளில் காலியாயிற்று.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு உண்மையான தலைவலி ஆரம்பித்தது. வலதுகை நேராயிற்று. பொத்தான் ஒழுங்காகப் போட்டார். செருப்பு காலிலேயே இருந்தது. நடந்து கோயில் வரை போய் வந்தார். வார்த்தை தடுமாறவில்லை, ஏனென்றால் அவர் பேசிய வார்த்தை ஒன்றுதான்.

"பொங்கல் ஆறிப் போச்சு, சூடு பண்ணட்டுமா?" "சரி." "வேண்டாமா?" "சரி."

தெருவே மெச்சியது. "பாண்டி, இப்பத்தான் ஒம் புருஷன் மனுஷனா இருக்காரு. அந்த டாக்டருக்கு ஒரு மாலை போடணும்." கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவன், இந்த வீட்டில் முதல் தடவையாக உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுப் போனான். அவள் ஒருத்திதான் இது அவர் இல்லை, இது அவர் இல்லை என்று உள்ளுக்குள் முட்டிக்கொண்டிருந்தாள். வெளியே சொன்னால், இந்தப் பொம்பளைக்கு என்னதான் வேண்டும் என்பார்கள். உள்ளே வைத்திருந்தால் எல்லாம் வடிந்திருக்குமோ? வெளியே என்று வந்த அந்தக் காகிதத்துக்குத் தான் போட்ட கையெழுத்துதான் இவரை இப்படி நிறுத்திவிட்டதோ? அடுப்படியிலும் பஸ்ஸிலும் செக்கிங் மேசையிலும் இதே ஓட்டம். ஒரு நாள் பெரிய கறை உள்ள துணி அவள் கண்ணுக்கு முன்னாலேயே ஓடிப்போய் ரோலில் சுற்றிக்கொண்டது. இருபத்திரண்டு வருடத்தில் அப்படி நடந்ததில்லை.

மூன்றாம் வாரம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பெலிக்ஸ் ஒரு தாளை வைத்துக்கொண்டு கேட்டான்.

"தானா நடக்காரா?"

"நடக்காரு."

"தானா சாப்பிடுறாரா, குளிக்காரா?"

"எல்லாம் பண்றாரு."

"பேச்சுல குழறல்?"

"இல்ல. சண்டை போடமாட்டேங்காரு, அத எழுதுங்க."

"அதுக்குக் கட்டம் இல்லக்கா" என்றான் பெலிக்ஸ் பாவமாக. அவனுடைய கணக்கில் தவசிமுத்து முழுசாகக் குணமாகியிருந்தார்.

டாக்டர் சேதுபதி புது ஸ்கேனைக் காட்டினார். பிறை போய்விட்டது, ஓரத்தில் வெங்காயத்தோல் மாதிரி மெல்லிசாக ஒரு படலம் மிச்சம். பெரும்பாலும் தானாக வற்றிவிடும். கூடினால்தான் மறுபடியும் திறக்கவேண்டும். பழைய ஆளாக மாறச் சிலருக்கு நாள் ஆகும். "ஒரு வாரத்துல இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பாக்கலாம். இல்ல, ஒரு மாசம் விட்டும் பாக்கலாம். ரெண்டும் தப்பில்லம்மா. உங்களுக்கு எது தோதுன்னு சொல்லுங்க."

"நானா சொல்லணும்?"

"யோசிச்சுப் போன் பண்ணுங்க."

வெளியே அசீனா உட்கார்ந்திருந்தாள். அவர்களுக்கும் அதே வெங்காயத்தோல், அதே அளவாம். "ரெண்டு பையையும் பாத்துப் பாத்து ஊரே கூடி அடிச்சுக்கிட்டமே அக்கா" என்றாள். "கடைசியில மிச்சம் ஒண்ணுதான்." உள்ளே சாகுல் ஹமீது ஸ்கேன் அறைக்காரனிடம் எதற்கோ வாதாடும் சத்தம் கேட்டது. பாண்டிசெல்வி தலையைத் திருப்பிக்கொண்டாள்.

பூக்கட்டிப் பார்த்துவிடுவது என்று பஸ்ஸில் வரும்போதே தீர்மானித்துவிட்டாள். ஒரு வாரமா, ஒரு மாதமா? ஒரு வாரத்தில் போய் ஒன்றும் இல்லையென்றால் அலைச்சல், அந்த மெஷினுக்குள் மறுபடியும் அந்தத் தலை. ஒரு மாதம் பொறுத்து, அதற்குள் கூடிவிட்டால்? அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பூக்காரியிடம் ஒரு கை நந்தியாவட்டையும் ஒரு கை செவ்வரளியும் வாங்கினாள்.

கோயில் நடை சாத்தியிருந்தது. நாலு மணி வரை பொறுக்க அவளிடம் பொறுமை மிச்சம் இல்லை. அடுப்படியில் உட்கார்ந்து இலையைக் கிழித்தாள். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. முதல் தடவையாக. சிவப்பை மடிக்கும்போது விரல் தயங்கியது. முடிச்சுப் போட்டு, கண்ணை மூடி, மடியில் போட்டுக் கலைத்தாள். வெள்ளை வந்தால் ஒரு வாரம், சிவப்பு வந்தால் ஒரு மாதம். எடுக்க வீட்டில் இவரைத் தவிர ஆள் இல்லை. கூடத்தில் நாற்காலியில் இருந்தவரிடம் போய் இரண்டு கையையும் நீட்டினாள்.

"ஒண்ண எடுங்க."

தவசிமுத்து ஒன்றை எடுத்தார். பிறகு இன்னொன்றையும் எடுத்தார்.

"ஒண்ணுதான் எடுக்கணும்" என்றாள். அவர் காதில் வாங்கவில்லை. முதல் பொட்டலத்தை முழங்கால்மேல் வைத்து, நாரை அறுக்காமல், இறுகிப்போன நட்டைத் திருப்புகிற மாதிரி முடிச்சை நிதானமாகத் தளர்த்தினார். வெள்ளை. அதைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்ததைப் பிரித்தார். செவ்வரளி அவர் வேட்டியில் சிதறியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். புருவம் கொஞ்சம் கொஞ்சமாக நெரிந்தது.

"என்னட்டி இது?"

"என்ன?"

"ஒண்ணு வெள்ளையா இருக்கு, ஒண்ணு சிவப்பா இருக்கு."

"பின்ன எப்படி இருக்கும்?"

"எப்பவும் ரெண்டுலயும் வெள்ளையத்தான வைப்ப."

பாண்டிசெல்வி திரும்பிப் போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். 

"ஒங்களுக்கு எப்படி..."

"நீ பேண்டேஜ் கம்பெனிக்குப் போகக் கட்டுனல்ல. பிரிக்காத மத்தப் பொட்டலத்த கோயில் மாட்டுத் தொட்டிக்குள்ள போட்டுட்டு வந்த. நான் எடுத்துப் பிரிச்சுப் பாத்தேன், பொறவு ஒவ்வொரு தடவையும் பாத்தேன். மில்லுல ஒரு பார்ட்டு எறிஞ்சு கெடந்தா எடுத்துப் பாக்காம வருவனா."

"இருவத்திரெண்டு வருசமா சொல்லவே இல்ல."

"சொன்னா நீ வேற வழி கண்டுபிடிப்ப. இதுன்னா எனக்குத் தெரிஞ்ச களவு." அவர் சிவப்புப் பூ ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எதுக்கு இப்பம் நெசமா கட்டியிருக்க? ஒனக்குத் தெரியலையா?"

"தெரியல" என்றாள். அந்த வார்த்தையை அவரிடம் சொல்ல அவளுக்கு இத்தனை வருடம் ஆகியிருந்தது. ஒரு வாரம், ஒரு மாதம், வெங்காயத்தோல், எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் முழுக்கக் கேட்டார். பிறகு வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார்.

"அந்த டாக்டருக்குத் தெரியலையாம், கவரப் பிரிக்காரு. ஒனக்குத் தெரியலையாம், பூவக் கட்டுத. எம் மண்டைய ஒங்க ரெண்டு பேருக்கும் எழுதியா குடுத்திருக்கு? ஒரு வாரமும் வேண்டாம், ஒரு மாசமும் வேண்டாம். ரெண்டு வாரத்துல போவோம்."

"அவரு ஒரு வாரம், இல்லாட்டி ஒரு மாசம்னுதான் சொன்னாரு."

"அவரு சொன்னா? நான் சொல்றேன் ரெண்டு வாரம்." குரல் ஏறிக்கொண்டே வந்தது. கூடத்தைச் சுற்றிப் பார்த்தவர் கண், சுவரோரம் காலியாகக் கிடந்த இடத்தில் நின்றது. "எங்கட்டி எம் ஸ்பானர் பெட்டி?"

"பரண்ல."

"எவ தூக்கிப் பரண்ல போட்டது?"

தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கவேண்டும். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலில் வந்து நின்று, "ஆரம்பிச்சுட்டாரா பாண்டி? நல்லாத்தான இருந்தாரு" என்றாள். தவசிமுத்து ஸ்டூலை இழுத்தார். "ஏறக் கூடாது, தலை சுத்திரும்" என்று பாண்டிசெல்வி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். "என் வீட்டுப் பரண்ல நான் ஏற எவன்ட்ட கேக்கணும்" என்று அவர் இழுக்க, அவள் ஒரு கையால் ஸ்டூலை விடாமல் மறுகையால் போனை எடுத்து ஆஸ்பத்திரிக்கு அடித்தாள். பெலிக்ஸ்தான் எடுத்தான்.

"தம்பி, மடவார் வளாகம் தவசிமுத்து வீட்டுலேருந்து. ரெண்டு வாரம் கழிச்சு வாரோம்னு டாக்டர்ட்ட சொல்லுங்க. அவரா எடுத்த முடிவு. பொறவு, அந்தத் தாளு இருக்குல்ல, சண்டை போடுதாருன்னு எழுதிக்கிடுங்க."

"அதுக்குக் கட்டம் இல்லன்னு சொன்னேனேக்கா."

"ஓரத்துல எழுதுங்க தம்பி" என்று கத்தினாள். ஸ்டூல் அவள் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.